மருதங்குடாவுக்கு வந்த ஹெலிகொப்டர்

ஸ்காபரோ
09.02.2025

அன்புத் தங்கச்சி மேனுகா அறிவது,

இங்கு நானும் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். குளிர் மட்டும் ஆளை விடுகிறதாயில்லை. அம்மாவின் முழங்கால் நோவு எப்படி? ஜெயரூபன் மச்சான் வேளாண்மை வெட்டி முடித்துவிட்டாரா?

நாலைந்து நாளாகப் போன் எடுக்கிறேன், நீ தூக்குகிறாயில்லை. அதனால் ஈமெயிலில் எழுதுகிறேன். நல்ல செய்திதான். அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு ஊர்ச்சனம் எல்லாம் இங்கே கூடியபோது நம்முடைய மருதங்குடா ஒன்றியம் ஒரு முடிவு எடுத்தது. வாவிக்கு மேற்கே நம் படுவான்கரைக்கு ஹெலிகொப்டர் அம்புலன்ஸ்! கொழும்பில் ஒரு கம்பனியோடு பேசியிருக்கிறோம். அவசரம் என்றால் பறந்து வந்து நோயாளியை ஏற்றிப் போவார்கள். அப்பாவின் பெயரில்தான் நடக்கும். ‘சாமித்தம்பி ஞாபகார்த்த வான்வழிச் சேவை.’

சிரிக்காதே. போன பனிக்காலத்தில் நெடுஞ்சாலையில் எனக்கு முன்னால் போன லொறி பிரண்டது. ஓட்டியவன் என்னோடு வேலை செய்கிறவன். பொலிஸார் வீதியை மறித்தார்கள், ஹெலிகொப்டர் நடுவீதியிலேயே இறங்கியது. அவன் இன்றைக்கும் வேலைக்கு வருகிறான். அன்றைக்கு நான் என் லொறிக்குள் இருந்து அழுதேன். அவனுக்காக அல்ல. அப்பாவுக்கு இது கிடைக்கவில்லையே என்று. காத்தான்குடி வீதியில் வாகனங்களுக்கு நடுவே அகப்பட்டு, முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் வர முடியாமல் போன உயிர் அல்லவா அது? கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது அழாத ஆள் இல்லை.

வைகாசியில் ஹெலிகொப்டரைக் கொண்டுவந்து ஊருக்குக் காட்டப் போகிறார்கள். பள்ளிக்கூட மைதானத்துக்கு நீதான் அனுமதி எடுத்துத் தர வேண்டும். வரவேற்புரையும் நீதான்.

தான்தோன்றீஸ்வரர் எல்லாரையும் காக்கட்டும்.

அன்பு அண்ணன்,
ரதீஸ்


மருதங்குடா
02.03.2025

அன்பின் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா எழும்பி நடக்கிறா, சாப்பிடுகிறா. இவர் வெட்டு முடித்து இப்போது வாவியில் வலை போடப் போகிறார். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

போனை நான் வேண்டுமென்றுதான் தூக்கவில்லை. கதைத்தால் நீங்கள் அரைவாசியில் குறுக்கே பாய்வீர்கள், நான் கத்துவேன், அம்மா அழுவா. கடிதமென்றால் முடியும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மைதானத்தைச் சுற்றி மின்கம்பி போகிறது, மற்றப் பக்கம் முழுக்கப் பனை. மாரியில் அது மைதானமே அல்ல, குளம். சரி, ஒருமாதிரி ஏற்றிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். எங்கே இறக்குவது? நகர ஆஸ்பத்திரியில் இறங்க இடம் இல்லை. விமானத்தளத்தில் இறக்கி, அங்கே இன்னொரு அம்புலன்ஸில் ஏற்றி, மறுபடி அதே நெரிசலுக்குள்தான் போக வேண்டும். எந்த வீதிக்குப் பயந்து பறந்தோமோ அந்த வீதிக்கே இறங்கி வருவதற்கு எதற்கு அண்ணன் இவ்வளவு சத்தம்?

இன்னொன்று கேளுங்கள். நம்முடைய கிராமிய ஆஸ்பத்திரியில் ஒரு அம்புலன்ஸ் நிற்கிறது. நல்ல வண்டி. பழைய சாரதி இளைப்பாறிப் போனபிறகு அந்த இடத்துக்கு ஒருவரையும் போடவில்லை. வண்டியின் நிழலில் நாய் படுத்திருக்கிறது. எனக்குக் கனரக லைசன்ஸ் இருக்கிறது, இத்தனை வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன், என்னைப் போடுங்கள் என்று காரியாலயத்துக்கே போய்க் கேட்டேன். “பொம்புளப் புள்ளையள இந்த வேலைக்கு எடுக்கிறல்ல தங்கச்சி, ஆசுபத்திரி வண்டியெண்டா ராப்பகல் பாக்க ஏலாது” என்றார் அங்கிருந்தவர். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் என் வேனில் ஏற்றிவிடும்போது ஒருவருக்கும் நான் பொம்பிளை என்பது ஞாபகம் வருவதில்லை.

உங்கள் ஒன்றியம் பெரிய இடங்களில் பேசக்கூடிய ஒன்றியம். ஒரு சாரதியைப் போடச்சொல்லிப் பேசுங்கள். அது போதும்.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய பகுதியை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

குளிருக்குக் கவனமாக இருங்கள்.

தங்கை,
மேனுகா


ஸ்காபரோ
10.03.2025

தங்கச்சி மேனுகாவுக்கு,

சுகம். அங்கும் அப்படியே என நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். பனை, மின்கம்பி, குளம் எல்லாம் விளங்குகிறது. நீ ஒன்றைச் சொல். ஏழைச்சனம் என்றால் அவர்களுக்குப் பழைய வேன்தான் பொருத்தமா? கொழும்பில் பெரிய மனிதர் ஒருவருக்கு நெஞ்சு நொந்தால் வானத்தில் கொண்டுபோவார்கள். படுவான்கரையான் மட்டும் குண்டும் குழியுமான வீதியில் குலுங்கிக் குலுங்கிச் சாக வேண்டுமா? பெரிதாக ஒன்று கேட்கத் தெரியாத சனமாகவே நாம் இருந்துவிட்டோம். மாரி வெள்ளத்தில் வீதிகள் எல்லாம் மூழ்கிக் கிடக்கும்போது உன் வேன் நீந்துமா?

திகதி வைத்தாயிற்று. மே மாதம் 17. அனுமதியை வேறு ஆட்கள் மூலம் எடுத்துவிட்டோம். வரவேற்புரையை மட்டுமாவது செய். மகள் மேடையில் நின்றால்தான் அப்பாவின் பெயருக்கு அழகு.

அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

ரதீஸ்


மருதங்குடா
16.04.2025

அன்பின் அண்ணனுக்கு,

வருசப்பிறப்பு நல்லபடி போனது. கைவிசேடக் காசு வாங்கப் பிள்ளைகள் வந்தார்கள். அம்மா உங்கள் பங்கையும் எடுத்துத் தனியாக வைத்திருக்கிறா.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்தது. வெள்ளத்துக்கு ஹெலிகொப்டர் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. படைக்காரரின் ஹெலிகொப்டர் வந்துதான் வெல்லாவெளிப் பக்கம் சனத்தைக் கூரையிலிருந்து எடுத்தது. ஆனால் வெள்ளம் வருடத்தில் சில நாள். பிள்ளைப்பேறும் பாம்புக்கடியும் நெஞ்சுநோவும் வருடம் முழுக்க.

பெரிதாகக் கேட்கத் தெரியாத சனம் என்கிறீர்கள். நான் கேட்பதுதான் பெரிது அண்ணன். ஹெலிகொப்டரைக் கேட்டால் எல்லாரும் கைதட்டுகிறார்கள், ஒருவருக்கும் நோகாது. சாரதி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவரின் முகம் மாறும். எதைக் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வருகிறதோ அதுதான் நமக்கு உரியது.

மேடையில் நிற்க மாட்டேன். அப்பாவின் பெயரைச் சொல்லி நடக்கிற காரியத்தில் நின்று பொய்யாகச் சிரிக்க என்னால் முடியாது. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

வேறு விசேடம் இல்லை. எல்லாரும் சுகம்.

மேனுகா


ஸ்காபரோ
20.05.2025

மேனுகாவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஒன்றியத் தலைவர் அதிகாலையிலேயே போன் எடுத்துக் கத்துகிறார். விழாவுக்கு வந்த பெரியவர்களின் வாகனங்களுக்கு எதிரே நீ அரசாங்க அம்புலன்ஸைக் கொண்டுவந்து மோதப் பார்த்தாயாம். பொலிஸ் மறித்தும் நிற்கவில்லையாம். வேண்டுமென்றே விழாவைக் குழப்பினாய் என்கிறார்கள். உனக்கு விருப்பமில்லை என்றால் வீட்டில் இருந்திருக்கலாமே! அப்பாவின் படம் வைத்த மேடை அது.

நீ மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தால் வழக்கை எடுக்காமல் விடச் செய்வார்களாம். உடனே எழுது.

ரதீஸ்


மருதங்குடா
25.05.2025

அன்பின் அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். கோபத்திலும் நான் அதைக் கேட்காமல் விட மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்கு ஊருக்குள் வாகனம் வைக்க இடமில்லை. ஆரையம்பதியிலிருந்தும் கொக்கட்டிச்சோலையிலிருந்தும் சனம் வந்து குவிந்தது. ஐஸ்கிரீம் வண்டி, பந்தல், வாழைமரம், மேளம். பாலத்துக்குப் போகிற ஒரே வீதியின் இரண்டு பக்கமும் வந்தவர்களின் வாகனங்கள். ஹெலிகொப்டர் இறங்கியபோது புழுதி எழும்பிப் பந்தல் தகரம் பறந்தது. சனம் ஆரவாரித்தது. பொய் சொல்வானேன், நானும் வேலிக்கரையில் நின்று வாய் திறந்து பார்த்தேன்.

அந்த நேரம் மீன்பிடிக்கிற அன்ரோவின் பெண்சாதி சர்மிலாவை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கண்டு நானும் பின்னாலேயே போனேன். நிறைமாதம். இரத்தம் போய்க்கொண்டிருந்தது. டொக்டர் விடுமுறை. தாதி ரிப்கா பார்த்தவுடன், “இது இஞ்ச வெச்சிருக்கிற கேஸ் இல்ல, சுறுக்கா டவுனுக்குக் கொண்டுபோகோணும்” என்றா. அவசர இலக்கத்துக்கு அடித்தார்கள். அந்த வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. ஓட்டோவில் சேலைன் ஏற்றிப் படுக்கவைக்க முடியாது. என் வேன் எங்கள் வளவுக்குள், வாசலை மறித்து மூன்று ஜீப்.

அன்ரோ ரிப்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “மிஸ், ஹெலிகொப்டர்தான் நிக்குதே!” என்றான். உண்மைதானே? நோயாளிக்கென்று வந்த ஹெலிகொப்டர் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது! நான்தான் ஓடினேன் அண்ணன். ஆட்களைத் தள்ளிக்கொண்டு, மேடையைத் தாண்டி, அதன் கதவுவரை ஓடினேன். உங்கள் ஹெலிகொப்டரை அந்த நிமிடம் என்னைப்போல் நம்பினவர் உலகத்தில் இல்லை.

ஓட்டுநர் பஹ்மி என்று ஒரு இளந்தாரி. நல்ல பிள்ளை. உள்ளே திறந்து காட்டினார். படுக்கை இல்லை, ஒட்சிசன் இல்லை, விருந்தினர் இருக்கிற கதிரைகள். “அக்கா, இன்டைக்கு இது காட்ட மட்டும் கொண்டுவந்த மெஷின். நான் எடுத்தாலும் டவுன் ஹொஸ்பிட்டல்ல இறங்க ஏலா. எயார்போட்டுல இறக்கினா அங்க அம்புலன்ஸ் நிக்கோணும். அதெல்லாம் கேட்டு முடிக்கிறதுக்குள்ள நீங்க வண்டியில போய்ச் சேந்திடுவீங்க. தயவுசெஞ்சு வண்டியில கொண்டுபோங்க” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

திரும்பி ஓடிவந்து காவலாளி யாக்கோப்பு அண்ணனிடம் அம்புலன்ஸ் திறப்பைக் கேட்டேன்.

“தரக்கூடாது புள்ள. என்ட வேல போயிடும்.”

“அவ செத்துப்போவா.”

அவர் என்னைப் பார்த்தார். உள்ளே இருந்து சர்மிலா முனகுகிற சத்தம் கேட்டது. லாச்சியைத் திறந்து திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். “நான் ஹெலிகொப்டர் பாக்கப் போறன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார்.

ரிப்கா பின்னுக்கு ஏறினா, அன்ரோ ஏறினான். வண்டி இரண்டாம் முறைக்குத்தான் எடுபட்டது. இவர் முன்னால் ஓடி ஓடி மோட்டார்சைக்கிள்களைத் தூக்கி வைத்தார். வளைவில் விருந்தினரின் வாகனங்கள் வரிசையாக வந்தன. ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி என்னை நிறுத்தச் சொன்னார், அவர்கள் போகும்வரை நிற்கட்டுமாம். ரிப்கா பின்னாலிருந்து, “பிரஷர் இறங்குது மேனுகா!” என்று கத்தினா. நான் சைரனைப் போட்டுக்கொண்டு நேராக விட்டேன். ஒருவரையும் மோதவில்லை. அவர்கள் ஒதுங்கினார்கள். பெரிய வாகனங்களும் ஒதுங்கும், நாம் நில்லாமல் போனால்.

இனித்தான் நீங்கள் கேட்க வேண்டியது. பாலம் தாண்டி ஆரையம்பதிச் சந்தியில் ஏறினால் காத்தான்குடி வீதி முழுக்க வாகனம். உங்கள் கதையில் அப்பா அகப்பட்ட அதே வீதி. சைரன் சத்தத்துக்கு ஒரு கடைக்காரர் இறங்கி நடுவீதியில் நின்று லொறியை மறித்தார். அடுத்த சந்தியில் பள்ளிவாசலால் வந்த பெடியன்கள் கைகோத்து நின்று ஓட்டோக்களை ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஒருவர் ஒருவருக்குச் சொல்லிச் சொல்லி, எனக்கு முன்னால் வீதி திறந்துகொண்டே போனது. நெரிசல் என்பது மனிதர்தானே அண்ணன். மனிதருக்குச் சொன்னால் கேட்கும். எங்கும் நான் முழுதாகப் பிரேக் பிடிக்கவில்லை.

அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். சர்மிலா கண் விழித்துவிட்டா.

மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன். என் மீது இரண்டு குற்றம்: அரசாங்க வாகனத்தை அனுமதி இல்லாமல் ஓட்டியது, பொலிஸ் சைகையை மீறியது. இரண்டும் உண்மை. நான் செய்தேன் என்றே சொல்வேன். தவறென்று மட்டும் என் வாயால் வராது.

உடம்பைப் பாருங்கள்.

தங்கை,
மேனுகா


மருதங்குடா
13.07.2025

அன்பின் அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அண்ணியிடம் கேட்டேன், வேலைக்குப் போய் வருகிறார் என்று மட்டும் சொன்னா. சர்மிலாவின் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. ரிப்காவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. “கேக்கட்டும், எழுதித்தான் வெச்சிருக்கன்” என்கிறா.

உங்கள் ஒன்றியத்தின் அறிக்கையைப் பார்த்தேன். அதில் மறுபடி அப்பாவின் படமும் அந்த நெரிசல் கதையும். நேற்று அதை அம்மாவின் மடியில் வைத்தேன். அப்பாவின் படத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்தா. பிறகு, “எழுது. அவனுக்கு எழுது” என்றா. அதனால் எழுதுகிறேன்.

அப்பா நெரிசலில் சாகவில்லை. அவர் அந்த வீதிக்கே போகவில்லை.

வயல்வட்டைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவரை ஓட்டோவில் நம் கிராமிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா கூடப்போனா. நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மற்றக் கரையில். நகரத்துக்கு மாற்ற வேண்டும் என்று துண்டு எழுதியாயிற்று. அம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. சாரதி இல்லை. வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வருகிறது, வருகிறது என்றார்கள். அப்பாவுக்கு உள்ளே படுக்க மூச்சு முட்டியதால் விறாந்தை மரவாங்கில் சாய்த்து வைத்திருந்தார்களாம். “அந்தா நிக்கிறது வண்டிதானே, என்னத்துக்கு எடுக்காங்க இல்ல?” என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். வாங்கிலேயே முடிந்துவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது அப்பாவின் கண் திறந்தபடி இருந்தது.

நீங்கள் போனில் கதறியபோது அம்மாதான் வீதி நெரிசல் என்று சொன்னா. “வாங்குல கிடந்து செத்தாரெண்டு அறிஞ்சா அவன் அங்க நித்திர கொள்ளமாட்டான். வீதியெண்டா ஆரையும் கோவிக்கேலா” என்றா. நானும் அதைக் குழப்பாமல் விட்டேன், அம்மா கேட்டதற்காக. ஆனால் அந்தக் கதை கடல் தாண்டி ஒரு ஹெலிகொப்டராகத் திரும்பி வரும் என்று அம்மா நினைத்திருக்க மாட்டா.

மே 17 அன்று நான் யாக்கோப்பு அண்ணன் முன்னால் நின்றபோது அப்பா கேட்டது என் காதில் கேட்டது. இப்போது நான் ஏன் மன்னிப்பு எழுத மாட்டேன் என்று விளங்குகிறதா?

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பாட்டை விடாதீர்கள்.

மேனுகா


ஸ்காபரோ
24.08.2025

அன்புத் தங்கச்சி,

சுகம் என்று எழுதினால் பொய். உடம்பு இயங்குகிறது.

உன் கடிதம் வந்த அன்று லொறியை எடுத்துக்கொண்டு வடக்கே போனேன். எங்கே போய்த் திரும்பினேன் என்று தெளிவாக ஞாபகம் இல்லை. உங்கள் இரண்டு பேர் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். என் அப்பா எப்படிச் செத்தார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அம்மாவோடு நேற்றுத்தான் கதைத்தேன். இரண்டு பேரும் அழுதோம். அதைப்பற்றி இனி எழுத வேண்டாம்.

ஒன்றியக் கூட்டத்தில் எழும்பி நின்று உள்ளதைச் சொன்னேன். ஹெலிகொப்டரைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஒரு சாரதியைப் போடச்சொல்லி எல்லாரும் கையெழுத்து வைத்து அனுப்புவோம் என்றேன். பிறகு தலைவர் சொன்னார், “ரதீஸ், சாரதிக்கு ரிப்பன் வெட்ட ஏலாது.” சிலர் சிரித்தார்கள். அவர்கள் தங்கள் வழியில் போகிறார்கள். நான் மேசையில் இருந்த அப்பாவின் படத்தை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் பெயரில் இனி ஒன்றும் பறக்காது. ஆனால் நானும் என்னோடு வந்த சிலரும் எங்கள் பெயரில் கடிதம் எழுதி, எங்கெங்கே அனுப்ப வேண்டுமோ அங்கெல்லாம் அனுப்பிவிட்டோம்.

வெள்ளத்துக்கு ஹெலிகொப்டர் வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன், நீ வென்றதாக நினைக்காதே.

வழக்கு எப்போது? மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதே.

ரதீஸ்


மருதங்குடா
21.09.2025

அன்பின் அண்ணனுக்கு,

அம்மா, இவர், நான் எல்லாரும் நல்ல சுகம். உங்கள் கடிதத்தை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னா, தலைவர் ரிப்பன் என்று சொன்ன இடத்தில் ஏசினா.

வெள்ளிக்கிழமை வழக்கு. தனியாகப் போவேன் என்றுதான் வெளிக்கிட்டேன். வாசலில் பார்த்தால் என் வேனுக்குள் ஆட்கள் ஏறி இருக்கிறார்கள். அன்ரோ, சர்மிலா, கைப்பிள்ளை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற தாய்மார். ரிப்கா வாவியின் மற்றக் கரையிலிருந்து நேரே வந்து சேர்ந்தா. யாக்கோப்பு அண்ணனும் வந்தார். சாட்சி சொல்ல வேண்டி வந்தால் வேலை போகும் என்று தெரிந்தும், வெள்ளைச் சட்டை போட்டு வந்து முன்வாங்கில் இருந்தார்.

என் வழக்கறிஞர் படிப்படியாகச் சொல்லித் தந்திருந்தார். குறைவாகப் பேசு, வருந்துகிறேன் என்று சொல், நீதவான் இரக்கம் காட்டுவார் என்று. குற்றத்தை வாசித்தார்கள். ஓட்டினேன் என்றேன். பொலிஸ் கையைக் காட்டியதைக் கண்டேன் என்றேன். நீதவான் என் லைசன்ஸை வாங்கிப் பார்த்தார். பிறகு திணைக்களத்திலிருந்து வந்தவரை எழுப்பி, அந்த ஆஸ்பத்திரியில் சாரதி எவ்வளவு காலமாக இல்லை என்று கேட்டார். அவர் காகிதங்களைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த தவணைக்குள் அதற்குப் பதில் எழுத்தில் வர வேண்டும் என்று உத்தரவு. நேற்றுக் காலை வெல்லாவெளியிலிருந்து ஒரு சாரதி வேலைக்கு வந்துவிட்டார். தற்காலிகமாம். பார்ப்போம். பெண்கள் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டு நான் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. வரும்வரை போடுவேன்.

வழக்கு முடியவில்லை. தை மாதத்துக்குத் தவணை.

எழும்புவதற்கு முன் நீதவான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஒரு கேள்வி கேட்டார். மறுபடியும் இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள் என்று. வழக்கறிஞர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வாயை மூடு என்று. பின்வாங்கில் சர்மிலாவின் பிள்ளை சிணுங்கியது.

“வண்டிய எடுப்பன் ஐயா” என்றேன். “அடுத்தமுறை ஆரையும் கேட்டுக்கொண்டு நிக்கமாட்டன்.”

வழக்கறிஞர் நெற்றியில் கை வைத்தார். நீதவான் அதை எழுதிக்கொண்டார்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. உடம்புக்குக் கவனம்.

உங்கள் தங்கை,
மேனுகா